விதையிலிருந்து பெரிய வெங்காயமும் லீக்ஸும்: மட்டக்களப்பு, அம்பாறைத் தோட்டங்களுக்கான கேள்வி பதில்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சின்ன வெங்காயத்தைக் குமிழாக நட்டு வளர்ப்பது பலருக்கும் பழகிய வேலை. பெரிய வெங்காயத்தை விதையிட்டு, நாற்று வளர்த்து, பிடுங்கி நடுவது அதிலிருந்து மிகவும் வேறுபட்டது. லீக்ஸோ மலைநாட்டுக்கே உரியது என்ற எண்ணம் இங்கே ஆழப் பதிந்திருக்கிறது. வீட்டுத்தோட்டம் செய்வோரும் சிறு விவசாயிகளும் இவ்விரு பயிர்களையும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, நம் மாவட்டங்களின் மழை, மண், காற்று ஆகியவற்றை மனத்தில் வைத்து இங்கே விடை தரப்படுகிறது.

பெரிய வெங்காயம் நம் பகுதியில் உண்மையிலேயே விளையுமா?

விளையும். இலங்கையில் பெரிய வெங்காயம் அதிகமாகப் பயிராவது மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளை, கலேவெல பகுதிகளிலும் அனுராதபுரம், பொலனறுவை மாவட்டங்களிலுமே. இவை யாவும் உலர் வலயத்தைச் சேர்ந்தவை. சிறுபோகத்தில் அங்கு அடிக்கும் வெயிலுக்கும் கரடியனாற்றிலோ உகணையிலோ அடிக்கும் வெயிலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நமக்குத் தனியாக அமைந்த சிக்கல்கள் மூன்று. கடலோரத்தில் நீரும் பசளையும் தங்காத மணல், கோடையில் உவர்ப்பேறும் கிணறுகள், மத்திய மலைகளைத் தாண்டி இறங்கி வரும்போது சூடேறி உலர்ந்துவிடும் கச்சான் காற்று. இந்த மூன்றையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து நடுபவருக்கு வெங்காயம் கைகொடுக்கும்.

லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர்கள் அனுப்பும் விதையை விதைக்கலாமா? பைக்கற்றில் உள்ள படத்தில் காய் தேங்காய் அளவுக்கு இருக்கிறதே.

வெங்காய விதையானால் வேண்டாம். வெங்காயச் செடி எப்போது குமிழ் கட்டத் தொடங்க வேண்டும் என்பதைப் பகலின் நீளமே முதன்மையாகத் தீர்மானிக்கிறது. இங்கிலாந்து, கனடா போன்ற வடபுல நாடுகளுக்கென உருவாக்கப்பட்ட வகைகள் பகல் 14 மணி நேரத்துக்கு மேல் நீளும்போதுதான் குமிழ் கட்டும். கண்காட்சிகளில் பரிசு வாங்கும் அய்ல்சா கிரெய்க் போன்ற பெருங்காய் வகைகள் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 7.7 பாகை வடக்கே இருப்பதால், ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல்கூட இங்கே 12 மணி 30 நிமிடத்தை ஒட்டியே முடிந்துவிடும். டிசம்பரில் அது 11 மணி 40 நிமிடமளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே அந்த விதை முளைக்கும், செழிப்பாக இலை விடும், தடித்த கழுத்தோடு மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், ஆனால் காய் கட்டாது. அது பசளைக் குறைவும் அன்று, பராமரிப்புக் குறைவும் அன்று.

லீக்ஸ் குமிழ் கட்டி விளைய வேண்டிய பயிர் அன்று. ஆதலால் அதற்குப் பகல் நீளம் தடையாக இருப்பதில்லை. எனினும் எந்த விதையையும் பயணப்பையில் போட்டு அனுமதியின்றிக் கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது. ஒரு பைக்கற் விதையோடு வந்திறங்கும் நோயை ஊரே சுமக்க நேரிடலாம் என்பதால், இந்தச் சட்டத்தை வெறும் சம்பிரதாயமாகக் கருதக் கூடாது.

அப்படியானால் எந்த விதையை வாங்குவது?

பகல் 12 மணி நேரத்தை ஒட்டியிருக்கும்போதே குமிழ் கட்டும் குறும்பகல் வகைகளையே வாங்க வேண்டும். உள்ளூர் வகைகளில் தம்புளு ரெட், கலேவெல லைட் ரெட் ஆகியனவும், இந்திய வகைகளில் பூசா ரெட், அக்ரிபவுண்ட் லைட் ரெட் போன்றனவும் நம் பகல் நீளத்துக்குப் பொருந்துபவை. லீக்ஸில் லார்ஜ் லோங் சமர் என்ற வகையே நம் நாட்டு விதைக்கடைகளில் நெடுங்காலமாக அறியப்பட்டது.

வகையின் பெயரைவிட விதையின் வயது முக்கியமானது. வெங்காய விதையும் லீக்ஸ் விதையும் காய்கறி விதைகளிலேயே மிகக் குறுகிய ஆயுள் கொண்டவை. நம் கடற்கரையின் ஈரப்பதமான வெப்பத்தில் திறந்து வைத்த பைக்கற் சில மாதங்களிலேயே முளைதிறனில் பெரும்பகுதியை இழந்துவிடும். பொதியிட்ட திகதியைப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பின்னும் 50 விதைகளை ஈரத்துணியில் பரப்பி, சுருட்டி, நிழலில் வைத்து, பத்து நாளில் எத்தனை முளைத்தன என்று எண்ணிப் பாருங்கள். 35க்குக் குறைவாக முளைத்தால் விதையைக் கூட்டிப் போட வேண்டும். 25ஐயும் எட்டாவிட்டால் அந்த விதையை நம்பி நிலம் பண்படுத்த வேண்டாம். மிஞ்சும் விதையைக் காற்றுப் புகாத போத்தலில், நன்றாக வறுத்து ஆறவிட்ட அரிசி சிறிது சேர்த்து மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம்.

எப்போது விதைப்பது?

நம் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் இறுதியிலிருந்து ஜனவரி வரையான மாரியில் கொட்டிவிடுகிறது. வெங்காயத்தின் கடைசி மாதம் வறண்டு இருக்க வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால் விதைக்கும் நாள் தானாகவே தெரிந்துவிடும்.

பொதுவான காலம் சிறுபோகம். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு நாற்றுமேடையில் விதையிட்டு, கண்ணகி அம்மன் குளிர்த்தி நடக்கும் வைகாசியில் பிடுங்கி நட்டால், ஓகஸ்ட் இறுதியில் அல்லது செப்டெம்பரில் காய் முற்றிவிடும். இதற்கு மேல் பிந்தினால், தோண்டிக் காய வைக்கும் நேரத்தில் மாரியின் முதல் மழை வந்து சேரும்.

மற்றொரு காலமும் உண்டு. ஜனவரியில் கூரையின் கீழ் நாற்று வளர்த்து, பெப்ரவரி நடுப்பகுதியில் நட்டு, மே மாதத்தில் எடுப்பது. கச்சான் வலுப்பதற்கு முன்பே பயிர் முடிந்துவிடுவதாலும், கிணற்றில் இன்னும் நல்ல நீர் இருப்பதாலும், வீட்டுத்தோட்டத்துக்கு இதுவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மேட்டு நிலம் உள்ளவர்களே இதைச் செய்ய வேண்டும். 2011ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு முறையும் பெப்ரவரித் தொடக்கத்தில் மறுமுறையும் மட்டக்களப்பு மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்துவிட்டு, பள்ளக் காணியில் தை மாதத்தை நம்பக் கூடாது.

நாற்றுமேடையை எப்படி அமைப்பது?

இதில் செலவிடும் உழைப்பே பின்னர் காயாக மாறுகிறது. 1 மீற்றர் அகலமும் 3 மீற்றர் வரை நீளமும் உள்ள மேடையை, சுற்றியுள்ள நிலத்தைவிட 15 சென்ரிமீற்றர் உயர்த்தி, கட்டியில்லாமல் கொத்திச் சமப்படுத்துங்கள். நன்றாக மக்கிய மாட்டெருவும் கருக்கிய உமியும் மேல் மண்ணோடு கலந்திருக்கட்டும். பச்சைச் சாணம் கூடவே கூடாது. பின்னர் மண்ணை நனைத்து, நிறமற்ற பொலித்தீனால் இறுக்கமாக மூடி, விளிம்புகளை மண்ணிட்டு அடைத்து, நல்ல வெயிலில் மூன்று வாரம் விட்டால், மண்ணிலுள்ள நோய்ப் பங்கசுகளும் களை விதைகளும் பெருமளவு அழியும். மேடையின் மீது வைக்கோலையும் உமியையும் அடுக்கி எரிப்பது பழைய முறை; அதுவும் பலன் தரும், ஆனால் வீடுகள் நெருங்கிய இடத்தில் புகை அயலவர்களுக்குத் தொல்லையாகும்.

10 சென்ரிமீற்றர் இடைவெளியில் குறுக்குக் கோடுகள் இழுத்து, 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையை ஐதாகத் தூவி மூடுங்கள். ஒரு கிராமில் ஏறக்குறைய 250 முதல் 300 விதைகள் இருக்கும். சதுர மீற்றருக்கு 5 கிராம் போதுமானது. அதிலிருந்து கிடைக்கும் நாற்று ஏறக்குறைய 10 சதுர மீற்றர் நடப் போதும். இதைவிட நெருக்கமாக விதைப்போர் உண்டு. ஆனால் நெருக்கத்தில் வளரும் நாற்று நூல்போல் நீளுமே தவிரத் தடிக்காது.

விதைத்த மேடையை வைக்கோலால் மெல்லிதாக மூடி, பூவாளியால் நீர் தெளியுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் வைக்கோலை விலக்கிப் பாருங்கள். முளை நேராக வெளிவராது. வளைந்த கொக்கியாக மண்ணைத் தள்ளிக்கொண்டு எழும்பி, பிறகே நிமிரும். நிமிரும்போது கறுத்த விதைக்கோது அதன் நுனியில் சில நாட்கள் ஒட்டியிருக்கும். அதை விரலால் தட்டிவிடாதீர்கள். முளை அதனுள் மிஞ்சிய உணவை இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. கொக்கிகள் தென்பட்ட அன்றே மாலையில் வைக்கோலை எடுத்துவிட்டு, உச்சி வெயிலுக்கு மட்டும் கிடுகு நிழல் கொடுத்து, பத்து நாளில் அந்த நிழலையும் படிப்படியாக நீக்க வேண்டும்.

முளைத்த நாற்று அடித்தண்டு கருகிக் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்துவிடுகிறது. ஏன்?

இது நாற்றழுகல். பித்தியம், றைசொக்டோனியா முதலிய மண்வாழ் நுண்ணுயிர்கள் ஈரம் தேங்கிய, காற்றோட்டமில்லாத, நெருக்கமான மேடையில் தாக்குகின்றன. சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அந்தத் திட்டை அதன் ஓரத்து மண்ணோடு சேர்த்து அகற்றி, இரண்டொரு நாள் நீரைக் குறைத்து, நிழலை நீக்குங்கள். மாலையில் நீர் ஊற்றும் பழக்கத்தைக் காலைக்கு மாற்றினாலே பாதி பிரச்சினை தீரும். தொடர்ந்து பரவினால், பாதிக்கப்பட்ட நாற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு உங்கள் கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு, பொருத்தமான பங்கசுநாசினியையும் அதன் அளவையும் கேட்டறியுங்கள்.

எப்போது பிடுங்கி நடுவது, எவ்வளவு இடைவெளி விடுவது?

முளைத்து ஐந்து முதல் ஆறு வாரத்தில், அடித்தண்டு பென்சிலை எட்டும் தடிப்புக்கு அண்மித்ததும் நடலாம். இதற்கு மேல் மேடையிலேயே விட்டு வைத்தால் நெருக்கத்தில் நிற்கும் நாற்று அங்கேயே சிறு குமிழ் கட்டத் தொடங்கும். பிறகு எங்கு நட்டாலும் அது பெருக்காது. பிடுங்குவதற்கு முந்திய மாலை மேடையை நன்றாக நனையுங்கள். இலைகள் மிக நீண்டிருந்தால் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடலாம். மாலையில், 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் நடுங்கள். ஆழம் கூடினால் காய் உருண்டு திரளாமல் நீண்டுவிடும். சந்தைக்கான காய்க்கு 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் இடைவெளி போதும். பெருத்த காய் வேண்டுமானால் வரிசைக்குள் 15 சென்ரிமீற்றர் விடுங்கள்.

காய் பெருக்க என்ன செய்ய வேண்டும்?

வெங்காயத்தைக் குறுக்காக வெட்டினால் தெரியும் ஒவ்வொரு வளையமும் ஓர் இலையின் அடிப்பகுதி. குமிழ் கட்டத் தொடங்கும் நாளில் செடியில் எத்தனை இலைகள் இருந்தன, அவை எவ்வளவு அகலமாக இருந்தன என்பதே காயின் பருமனைத் தீர்மானிக்கிறது. நம்முடைய பகல் நீளம் குறும்பகல் வகைகளுக்கு ஏறக்குறைய ஆண்டு முழுவதும் போதுமானதாக இருப்பதாலும், வெப்பம் குமிழ் கட்டுவதை விரைவுபடுத்துவதாலும், இங்கே செடிக்கு இலை சேர்த்துக்கொள்ளக் கிடைக்கும் காலம் குறுகியது. நட்ட முதல் ஆறு வாரத்தில் ஒரு நாள்கூடச் செடி வாடக் கூடாது, களையோடு போட்டியிடக் கூடாது, பசளைக்காகக் காத்திருக்கக் கூடாது. வெங்காய வேர் ஆழமாக இறங்குவதில்லை. பெரும்பாலும் மேல் 20, 30 சென்ரிமீற்றர் மண்ணிலேயே நிற்கும். ஆதலால் மண்வெட்டியால் கொத்திக் களை பிடுங்காமல் கையால் பிடுங்குங்கள்.

யூரியாவை ஒரே முறையில் கொட்டாமல் சிறு பங்குகளாகப் பிரித்து இடுங்கள். கழுத்துக்குக் கீழே தண்டு பருக்கத் தொடங்கியது கண்ணுக்குத் தெரிந்ததும் தழைச்சத்தை நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகும் யூரியா இடுவோரின் தோட்டத்தில் கழுத்துத் தடித்து, சாயாமல், சேமிப்பில் முதலில் அழுகும் காய்களையே அதிகமாகக் காணலாம். காய் பருக்கும்போது அதன் தோள் மண்ணுக்கு மேலே தெரிவது இயல்பு. மண்ணால் மூட வேண்டியதில்லை.

எங்கள் காணி கடலோர மணல். கிணற்று நீரும் ஆனி, ஆடியில் கரிக்கிறது. வெங்காயம் நடலாமா?

மணல் ஒரு குறையாக இருந்தாலும் திருத்தக்கூடிய குறை. களுதாவளை, தேத்தாத்தீவு போன்ற எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) ஊர்களின் காய்கறித் தோட்டங்கள் மணலில் நிற்பவையே. மக்கிய மாட்டெருவையும் தும்புத் தூளையும் கருக்கிய உமியையும் தாராளமாகச் சேர்த்து, வைக்கோல் மூடுபடை போட்டு, நீரைச் சிறிதளவாக நாள்தோறும் கொடுத்தால் மணலில் வரும் காய் வடிவாகவும் சுத்தமாகவும் இருக்கும். தும்புத் தூளை முதலில் நல்ல நீரில் பல முறை அலசி உப்பை நீக்கிவிடுங்கள்.

உவர்நீர் வேறு கதை. உப்பைத் தாங்குவதில் வெங்காயம் மிகவும் பலவீனமான பயிர். மண்ணிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமன்ஸைக் கடந்ததுமே விளைச்சல் குறையத் தொடங்கும், 4.3ஐ எட்டும்போது பாதி போய்விடும். தக்காளி 2.5 வரை தாங்குவதோடு இதை ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். நாக்கில் கரிப்புத் தெரியும் நீர் வெங்காயத்துக்கு ஏற்கெனவே அளவு கடந்தது. வாவியோரக் கிணறுகளில் நீர் மட்டம் இறங்க இறங்க உவர்ப்பு ஏறும் என்பதால், அத்தகைய காணியில் சிறுபோக நடுகையை விட்டுவிட்டு, மாரி நீர் கிணற்றில் நிற்கும் பெப்ரவரி நடுகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீரை ஒருமுறை அளந்து பார்க்காமல் கடன்பட்டு வெங்காயம் நட வேண்டாம் என்று கடலோரத்து விவசாயிகளை அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வவுணதீவு, வெல்லாவெளி முதலான பகுதிகளில் இந்தச் சிக்கல் பொதுவாகக் குறைவு. அங்கே கவனிக்க வேண்டியது வயல் மண்ணில் நீர் தேங்காமல் பாத்தியை உயர்த்துவதே.

இலைகளில் வெள்ளி நிறக் கீறல்கள் விழுந்து நுனி காய்கிறது. மருந்து அடிக்கலாமா?

இலைப்பேன், அதாவது நம் விவசாயிகள் பனிப்பூச்சி என்று சொல்லும் சிறு பூச்சியின் வேலை அது. கச்சான் அடிக்கும் வறண்ட நாட்களில்தான் இது பெருகும். நடு இலைகள் பிரியும் இடுக்கை விரித்துப் பார்த்தால், மஞ்சள் நிறத்தில் அரிசிக் குறுநொய்யைவிடச் சிறிய பூச்சிகள் நகர்வது தெரியும். காலை வேளையில் இடுக்குக்குள் படும்படி நீரை வேகமாகத் தெளிப்பதும், வைக்கோல் மூடுபடையும் பூச்சியைக் குறைக்கும். வேப்பெண்ணெய்க் கரைசலைத் தொடக்கத்திலேயே பயன்படுத்தினால் பலன் உண்டு. ஒரே பீடைநாசினியை வாரந்தோறும் அடிப்பதால் பூச்சி அதற்குப் பழகிவிடுகிறது.

இலையில் ஊதா நிற நடுவுடன் நீள்வட்டப் புள்ளிகள் வந்தால் அது ஊதாப்புள்ளி நோய். இலையும் கழுத்தும் முறுக்கிக்கொண்டால் அது மழைக்காலத்தில் பரவும் அந்திரக்னோசு. இரண்டுக்கும் பங்கசுவே காரணம். நோயுற்ற செடிகளை எருக்குழியில் போடாமல் அழித்துவிட்டு, அடுத்த போகத்தில் அந்தப் பாத்தியில் வெங்காயக் குடும்பத்தைத் தவிர்த்து, பயறோ சோளமோ போடுங்கள்.

லீக்ஸ் இங்கே வளருமா?

வளரும், ஆனால் நுவரெலியாவிலிருந்து வரும் லீக்ஸின் பருமனை எதிர்பார்க்க வேண்டாம். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அந்த ஊரின் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியது. லீக்ஸ் நன்றாக வளர்வது 24 பாகைக்குக் குறைவான வெப்பத்தில். நம்முடைய மிகக் குளிர்ந்த ஜனவரியிலும் பகல் 28 பாகையைத் தொடும். எனவே இங்கே கிடைப்பது விரல் பருமனோ அதற்குச் சற்று மேலோதான். கொத்துரொட்டிக்கும் பிரைட் றைஸுக்கும் வறைக்கும் அது தாராளமாகப் போதும். இலையின் பச்சைப் பகுதி மணம் நிறைந்ததாகவும் இருக்கும். விற்பனைக்காக இங்கே லீக்ஸ் பயிரிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுத் தேவைக்கு மகிழ்ச்சியோடு பரிந்துரைப்பேன்.

காலம்தான் இதில் எல்லாம். ஒக்டோபரில், மழை படாத கூரையின் கீழ், தட்டிலோ பெட்டியிலோ விதையுங்கள். கடும் வெப்பத்தில் லீக்ஸ் விதை சரியாக முளைக்காது என்பதால் பெட்டியை வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்து, முளைத்த பின்னரே வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். எட்டு முதல் பத்து வாரத்தில் நாற்று 20 சென்ரிமீற்றர் உயரம் வந்ததும், டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ உயர்த்திய பாத்தியில் 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுங்கள். மார்ச் முடியும்வரை நன்றாக வளரும். ஏப்ரல் வெயில் ஏறியதும் வளர்ச்சி நின்று நார் பற்றும். அதற்குள் எடுத்துப் பயன்படுத்திவிட வேண்டும்.

லீக்ஸின் தண்டை வெள்ளையாக்குவது எப்படி?

வெளிச்சம் படாத பகுதியே வெள்ளையாகும். குளிர்நாடுகளில் 15 சென்ரிமீற்றர் ஆழத் துளையிட்டு நாற்றை உள்ளே இறக்கிவிடுவார்கள். நம் மாரியில் அந்தத் துளை நீர்க்குழியாகி நாற்றை அழுகச் செய்யும். ஆகையால் சாதாரண ஆழத்தில் நட்டு, செடி பிடித்த பிறகு, மழை ஓய்ந்த நாட்களில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக மண் அணையுங்கள். இலைகள் பிரியும் கவட்டுக்கு மேலே மண் ஏறக் கூடாது. ஏறினால் கழுவக் கழுவ மணல் போகாது.

சாடியில் வளர்க்கலாமா?

இரண்டையும் வளர்க்கலாம். 25 சென்ரிமீற்றர் ஆழமும் நல்ல வடிகாலும் போதும். சாடி வெயிலில் விரைவில் சூடேறுவதால் பிற்பகல் நிழல் விழும் இடத்தில் வையுங்கள்.

வெங்காயத்தை எப்போது தோண்டுவது, எப்படிப் பாதுகாப்பது?

முற்றிய செடியின் கழுத்து உள்ளே வெறுமையாகி மெலிந்து, இலைகள் பச்சையாக இருக்கும்போதே தானாகச் சாயும். பாத்தியில் பாதிச் செடிகள் சாய்ந்ததும் நீரை முற்றாக நிறுத்தி, ஒரு வாரம் முதல் பத்து நாளில் தோண்டுங்கள். சாயாதவற்றைக் காலால் மிதித்துச் சாய்ப்பதால் முற்றுவது விரைவுபடாது. கழுத்தில் காயம்தான் ஏற்படும்.

தோண்டியவற்றை ஒரு வரிசையின் காய்களை மறு வரிசையின் இலைகள் மூடும்படி பரப்பி மூன்று நான்கு நாட்கள் வயலிலேயே விடுங்கள். நேர்வெயில் பட்ட காய் வெந்து மிருதுவாகிவிடும். பிறகு காற்றோட்டமான கொட்டிலில், கழுத்து முற்றாகச் சுருங்கி, வெளித்தோல் சருகுபோல் சரசரக்கும்வரை உலர்த்துங்கள். கழுத்தை 2 முதல் 3 சென்ரிமீற்றர் விட்டு வெட்டலாம். அல்லது இலையோடு பிடியாகக் கட்டிக் கூரையின் கீழ் தொங்கவிடலாம். தடித்த கழுத்துள்ளவை, இரட்டைக் காய்கள், மண்வெட்டி பட்டவை ஆகியவற்றை முதலிலேயே பிரித்துச் சமையலுக்கு எடுங்கள். சாக்கில் நிறைத்துச் சீமெந்துத் தரையில் அடுக்கினால் நம் மாரியின் ஈரத்தில் அடிச்சாக்கு முதலில் முளைவிடும், பிறகு அழுகும்.

அடுத்த ஆண்டுக்கான விதையை நாமே எடுக்க முடியுமா?

கடற்கரை வெப்பத்தில் இது எளிதன்று. வெங்காயம் பூக்க அதன் குமிழ் பல வாரங்கள் குளிரில் இருக்க வேண்டும். நம் நாட்டு விதை உற்பத்தியாளர்கள் தாய்க்குமிழ்களைக் குளிரறையில் வைத்தெடுத்து நட்டு, மழை படாத கூரையின் கீழ் பூக்கவிடுவது அதனால்தான். லீக்ஸுக்கும் குளிர் தேவை. நம் தோட்டத்தில் தற்செயலாகப் பூக்கும் ஓரிரு செடிகளிலிருந்து விதை எடுத்தால், காய் கட்டுவதற்கு முன் பூத்துவிடும் குணமுள்ள செடிகளையே பெருக்கியவர்களாவோம். பூந்தண்டு தோன்றிய செடியின் காய் நடுவில் கட்டையாகிச் சேமிப்புக்கு உதவாது என்பதால், தண்டைக் கண்டவுடனே செடியைப் பிடுங்கிக் கறிக்குப் பயன்படுத்திவிட்டு, விதையை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்குங்கள்.